கம்பி எங்கே முடிகிறது?

திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து எங்கள் காலனிக்கு வர வேண்டுமானால் ஊருக்குள் நுழைந்துதான் வர வேண்டும். முதலில் பிள்ளையார் கோயில், அப்புறம் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஞ்சாயத்து ஆபீஸ். அதோடு தெரு முடிந்து இரண்டு பக்கமும் கழனி. கழனியைத் தாண்டினால் நாங்கள். மெயின் ரோட்டிலிருந்து மின்கம்பங்களோடு சேர்ந்து கறுப்பு நிறத்தில் ஒரு ஃபைபர் கேபிள் வருகிறது. பஞ்சாயத்து ஆபீஸ் வரை வருகிறது. மிச்சக் கேபிளை அந்தச் சுவரிலேயே வளையமாகச் சுருட்டி மாட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் காலனிக்கு வருவது மின்கம்பி மட்டும்.

அக்கா மகள் பிளஸ் டூ முடித்த வருடம், கலந்தாய்வுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கட்டும் என்று ஒரு தனியார் கம்பெனிக்குப் போன் செய்தேன். லைன் பார்க்க வந்த பையன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டான். "காலனியா அண்ணே? அந்தப் பக்கம் பாக்ஸே இல்ல. பத்து கனெக்‌ஷன் சேர்த்துக் குடுங்க, மேனேஜர்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்றான். பத்து பேரைச் சேர்த்துக் கொடுத்தோம். மேனேஜரிடமிருந்து பதில் வரவில்லை. கம்பெனியின் பெயரை எழுதவில்லை. அடுத்த கம்பெனியைக் கேட்டபோதும் இதே பதில்தான் வந்தது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் சொன்ன பதிலை என் அப்பாவும் தாத்தாவும் வேறு வேறு பொருளுக்காகக் கேட்டிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீருக்காக, தார் ரோட்டுக்காக, தெரு விளக்குக்காக. எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் எது வந்தாலும் முதலில் ஊர் வரை வந்து நிற்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதை என்ன கணக்கை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. இணையத்துக்கு வருவதற்கு முன் 130 வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது, தோழர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1891. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பஞ்சமி நிலப் போராட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடம். அந்த அறிக்கையை நாம் எப்போதும் விளைநிலத்துக்காகவே நினைவுகூர்கிறோம். அதில் மனை பற்றிய பகுதியும் அதே அளவு முக்கியமானது. சேரியில் குடியிருந்தவர்களுக்குக் குடிசை நின்ற மண்ணே சொந்தமில்லை. மிராசுதார் நினைத்தால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். கூலியைப் பற்றி வாய் திறக்க முடியாது. செங்கல்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் இருந்த வில்லியம் கௌடி போன்ற பாதிரியார்களும் இதே விஷயத்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010, 1010-ஏ எண்ணிட்ட அரசாணைகள் வந்தன. தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்றே நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

அந்த நிலங்கள் என்னவாயின என்பது நமக்குத் தெரியும். 1994இல் இதே மாவட்டத்தில் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போன போராட்டத்தில், அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். காகிதத்தில் எழுதியது கைக்கு வர நூறு வருடம் கழித்து உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 1994இல் நாம் உரிமை கோர முடிந்ததற்குக் காரணமே 1892இல் அந்த நிலம் யாருக்கு என்று பேர் சொல்லி எழுதியிருந்ததுதான். "கிராமத்தாருக்கு" என்று பொதுவாக எழுதியிருந்தால் போராட ஒரு துண்டுக் காகிதம்கூட நம் கையில் இருந்திருக்காது.

இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரிந்தவர் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கியவர். சொந்தப் பத்திரிகை இல்லாதவன் பேச்சு ஊர்த்தெருவைத் தாண்டாது என்பதை அச்சு யந்திரக் காலத்திலேயே புரிந்துகொண்டவர். சென்னை சட்டசபையில் 1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் கொண்டுவந்த தீர்மானம், எந்த வகுப்பினரும் பொதுச் சாலையில், தெருவில், பாதையில் நடக்கத் தடையில்லை என்றது. கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுக் காரியம் நடக்கிற கட்டடம் எல்லாவற்றுக்குள்ளும் தாழ்த்தப்பட்ட மக்கள் மற்றவர்களைப் போலவே போய் வரலாம் என்றது. அடுத்த மாதமே அரசாணையாகவும் வந்தது. பொதுக் காரியம் நடக்கிற கட்டடம் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஃபைபர் பெட்டி மாட்டியிருக்கும் பஞ்சாயத்து ஆபீஸும், சாதிச் சான்றிதழுக்குப் போய் நிற்கிற இ-சேவை மையமும் அந்தச் சொல்லுக்குள்தான் வருகின்றன.

சாலைக்கு உரிமை கிடைத்தது. சாலை வந்ததா? 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் விதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏற்கெனவே இருக்கிற தார் ரோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் ஒரு குடியிருப்பு இருந்தால் அது சாலை வசதி பெற்ற குடியிருப்பு. அரை கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு ரோடு இல்லை என்று ஆகாது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் பொதுவாக எவ்வளவு தூரம் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த விதியை எழுதியவர் சாதி பார்த்து எழுதியிருக்க மாட்டார். அவர் முன்னால் இருந்தது வரைபடம். அந்த வரைபடத்தில் நடுவில் இருக்கும் கழனியும் மழைக்காலத்துச் சேறும் தெரியாது. பிணத்தை எடுத்துக்கொண்டு யார் தெரு வழியாகப் போகக் கூடாது என்பதும் தெரியாது.

இப்போது கம்பிக்கு வருகிறேன். நம் தலைமுறைக்கு முதல் இணைப்பு ரேடியோ. பஞ்சாயத்து ரேடியோ அறையும் அதன்மேல் புனல் ஸ்பீக்கரும் இருந்த காலத்தில், ஸ்பீக்கர் எந்தத் திசையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதோ அந்தத் திசைக்குத்தான் செய்தி. எங்களுக்குக் காற்றடித்தால் கேட்கும் என்று அப்பா சொல்வார். பிறகு பஞ்சாயத்து டிவி அறை வந்தது. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சினிமா. ஊர்ப் பிள்ளைகள் உள்ளே பாயில், நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே. உள்ளே வராதே என்று யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. ஆனால் ஜன்னலை ஒருநாள் சாத்தினார்கள்.

2006இல் இலவச கலர் டிவி வந்தது. அதைக் கேலி பேசிய படித்தவர்கள் நிறைய. நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். பஞ்சாயத்து டிவி ஊருக்கு ஒன்று. கலர் டிவி ரேஷன் கார்டுக்கு ஒன்று. கார்டுக்கு ஒன்று என்றதும் அது தானாகக் கழனியைத் தாண்டி காலனிக்கு வந்துவிட்டது, ஜன்னல் பிரச்சினை முடிந்தது. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப்பும் அப்படித்தான். மாணவனுக்கு ஒன்று என்பதால் காலனி மாணவனுக்கும் வந்தது. திட்டம் ஆளை எண்ணினால், குடும்பத்தை எண்ணினால், நம்மிடம் வருகிறது. இடத்தை எண்ணினால் ஊரோடு நின்றுவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். எங்கள் தெருவில் ஒருமுறை நடந்து பார்த்தாலே போதும்.

ஆராய்ச்சியும் இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அந்தப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூரில் நடு மையம். சுற்றுக் கிராமங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டர். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரத் தகவலை இறக்கி ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். உலகமே பாராட்டிய வேலை. பாராட்ட வேண்டியதும்தான். எல்லோரும் வந்து போகும் பொது இடத்தில் மையம் இருக்க வேண்டும் என்று அவர்கள் யோசித்தார்கள். எம்பலம் கிராமத்தில் அந்தப் பொது இடமாக அமைந்தது கோயிலைச் சேர்ந்த கட்டடம். கோயில் கட்டடம் பொது இடமா என்ற கேள்விக்கு ஊரில் ஒரு பதில் இருக்கும், சேரியில் ஒரு பதில் இருக்கும்.

இன்னொன்று மேலூர். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. அதை வைத்து 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் வந்தன. மேலூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? எனக்கு மேலவளவு. 1997 ஜூன் 30. தனித்தொகுதியான பஞ்சாயத்துக்குத் தலைவரான குற்றத்துக்காக முருகேசனையும் மற்ற ஐந்து பேரையும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்ற அதே வட்டாரம். பஞ்சாயத்து ஆபீஸுக்குள் போனதற்காக ஆறு உயிர் போன மண்ணில், நான்கு வருடம் கழித்து, எல்லோரும் வாருங்கள் என்று ஒரு கம்ப்யூட்டர் அறை திறந்தார்கள்.

யார் வந்தார்கள்? ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைப் போய்ப் பார்த்து 2006இல் எழுதினார்கள். ஐந்து கிராமங்களில் கணக்கெடுத்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள், முன்னேறிய சமூகத்தவர்கள். இருக்கிற ஏற்றத்தாழ்வை இந்த மையங்கள் அப்படியே தாங்கி நிறுத்தலாம் என்று எழுதினார்கள். ஆனால் சில இடங்களில் கணக்கு மாறியது. ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு அருகில் மையம் இருந்த இடத்திலும், அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே ஒருவர் முன்நின்று இழுத்துவந்த இடத்திலும் அவர்களும் வந்தார்கள். கம்ப்யூட்டர் அதேதான், கட்டணமும் கிட்டத்தட்ட அதேதான். அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் வேறு. ஃபைபர் திட்டம் போட்ட அதிகாரிகளில் ஒருவராவது இந்த ஆய்வைப் படித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

சுனாமியைச் சொல்லாமல் இந்தக் கரையின் கதை முடியாது. 2004 டிசம்பர் 26 காலை புதுச்சேரிக்கு அருகில் நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தார். செய்தி தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் போனது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மேடான இடத்துக்கு ஓடிப் பிழைத்தார்கள். இணைப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். அலை வடிந்த பின் நிவாரணம் வந்தது. அது மீனவக் குப்பங்களை எண்ணி வந்தது. மீன் பிடிக்காத, ஆனால் கடலை நம்பியே கூலி செய்த தலித்துகளும், கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைத்த இருளர்களும் பல இடங்களில் அந்தப் பட்டியலில் இல்லை. இதை அப்போதே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. மீனவ மக்கள் இழந்தது கொஞ்சமில்லை, அவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. பட்டியலின் தலைப்பு யாரை விட்டுவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

"இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கே, இன்னும் என்ன கேபிள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நம்மவர்களிலேயே உண்டு. உண்மைதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்தபோது அது காலனிக்கும் வந்தது. சிம் ஆளுக்கு ஒன்று, அதனால் வந்தது. அதைக் கொண்டு நாம் நிறையச் செய்தோம். ஊர்ப் பஞ்சாயத்தில் அடித்ததை முன்பு போல் மறைக்க முடியவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு கல்குவாரிக்கோ அம்மாவோடு சித்தாள் வேலைக்கோ போய்விடும். சாயங்காலம் அது திரும்பி வந்தபின் மூன்று பிள்ளைகள் பங்கு போட வேண்டும். டவர் ஊர்ப்பக்கம். காலனியில் கடைசித் தெருவில் சிக்னல் மாடியில்தான் கிடைக்கும். மாடியே இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வார்?

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இருந்த பிள்ளைகள் ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடமே பார்க்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, கலர் டிவி கைகொடுத்தது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூம் வகுப்பு. கேரளத்தில் வளாஞ்சேரியில் ஒரு தலித் மாணவி, ஆன்லைன் வகுப்பில் சேர வழியில்லாமல், வகுப்பு தொடங்கிய 2020 ஜூன் 1 அன்றே இறந்துபோனாள். அதற்கு ஒன்பது மாதம் முன்புதான், 2019 செப்டம்பரில், இணையம் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் எனக்கு விமர்சனங்கள் உண்டு. ஆனால் எங்கள் காலனிப் பெண்ணே தன்னார்வலராகி எங்கள் தெருத் திண்ணையிலேயே பாடம் நடத்தினாள். மேலூரில் அந்த ஆய்வாளர்கள் சொன்னது அதுதான்.

இது நமக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைத்திருந்தேன். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு படம் பரவியது. கலிபோர்னியாவின் சாலினாஸ் என்ற ஊர். அமெரிக்கா முழுக்கக் கீரையும் காய்கறியும் அனுப்பும் பள்ளத்தாக்கு. அந்த வயல்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த லத்தீனோ மக்கள். அவர்கள் வாழும் பகுதியைச் சேர்ந்த இரண்டு சிறுமிகள் ஒரு துரித உணவுக் கடை வாசலில் தரையில் உட்கார்ந்து, கடையின் வைஃபையில் பள்ளிப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். கூகுளும் ஆப்பிளும் இருக்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கு அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அங்கே இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், டிஜிட்டல் சிவப்புக்கோடு என்று. 1930களில் வீட்டுக்கடன் கொடுப்பதற்காக அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பின மக்களின் தெருக்களைச் சிவப்பு மையால் குறித்தது. அங்கே கடன் கொடுக்காதே என்று பொருள். 2017இல் கிளீவ்லாண்ட் நகரத்தை ஆராய்ந்த ஓர் அறிக்கை, ஏழைகள் மிகுந்த பகுதிகளில் பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்று தன் கம்பிகளை வேகமான தரத்துக்கு மாற்றாமலே விட்டிருப்பதைக் காட்டியது. 2021 முடிவில் அமெரிக்க அரசு ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் இணையக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்தது. சுமார் 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்தன. 2024இல் பணம் தீர்ந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்குச் சிவப்பு மை தேவைப்பட்டது. நமக்கு அதுகூடத் தேவையில்லை, காலனி தனியாகத்தான் இருக்கிறது.

நம் மாவட்டத்தின் சிலிக்கான் பள்ளத்தாக்கு பழைய மாமல்லபுரம் சாலை. 2000 ஜூலையில் டைடல் பார்க் திறந்தார்கள். சாலைக்கு ராஜீவ் காந்தி பெயர் வைத்து ஆறு வழியாக்கினார்கள். 2002இல் சிங்கப்பூரிலிருந்து கடலுக்கடியில் 3,200 கிலோமீட்டர் கேபிள் சென்னைக் கரைக்கு வந்தது. பிறகு இன்னும் பல. 2020 ஆகஸ்டில் இங்கிருந்து அந்தமானுக்கே 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு முடித்தார்கள். அது நல்ல காரியம், அந்தமான் மக்களுக்கு வேண்டியதுதான். சிறுசேரியில் இப்போது டேட்டா சென்டர்கள் வரிசையாக எழும்புகின்றன. அந்தக் கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்தவர்கள், இரவில் வாசலில் செக்யூரிட்டியாக நிற்பவர்கள் யாரென்று விசாரித்தால், பாதிப் பேர் நம் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். கடலில் 2,300 கிலோமீட்டர் போடத் தெரிந்தவர்களுக்குக் கழனியில் 600 மீட்டர் போடத் தெரியாதா என்ன?

பணமும் இருக்கிறது. எல்லாக் கிராமப் பஞ்சாயத்துக்கும் ஃபைபர் என்று மத்திய அரசு 2011 அக்டோபரில் முடிவெடுத்தது. பின்னால் அதற்குப் பாரத்நெட் என்று பெயர். தமிழ்நாட்டில் அதைச் செய்ய 2018இல் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் வந்தது. டெண்டரில் குளறுபடி என்று 2020இல் ரத்தானது, 2022இல்தான் வேலை ஆரம்பித்தது. 12,525 ஊராட்சிகளுக்கும் ஒரு ஜிகாபிட் இணைப்பு என்பது இலக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே தமிழ்நாட்டில் ஊரக வளர்ச்சித் துறைக் கணக்குப்படி குக்கிராமங்கள் 79 ஆயிரத்துக்கு மேல். ஓர் ஊராட்சிக்குச் சராசரி ஆறு. ஆபீஸ் சுவருக்கு ஒரு பெட்டி வந்துவிட்டால், ஆறுக்கும் வந்ததாக எழுதிக்கொள்ளலாம். நம் மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பட்டியல் சாதியினர். அவர்களின் காலனிகளும் இருளர் குடியிருப்புகளும்தான் அந்த ஆறில் கடைசியில் நிற்பவை. 2023 ஆகஸ்டில் 1 லட்சத்து 39 ஆயிரம் கோடி ரூபாயில் பாரத்நெட்டைத் திருத்தி, கேட்டால் ஊராட்சி ஆபீஸைத் தாண்டி மற்றக் கிராமங்களுக்கும் தருவோம் என்றார்கள். யார் கேட்பது, யாரிடம் கேட்பது? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்களே, அந்த ஆபீஸிலா?

இதற்குள் இணையம் கட்டாயமாகிவிட்டது. 2018இலிருந்து பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில். கல்வி உதவித்தொகை, சாதிச் சான்று, பட்டா எல்லாம் ஆன்லைனில். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கு ஆப்பில் தினம் இரண்டு முறை போட்டோ எடுத்தால்தான் வருகைப் பதிவு என்றார்கள். ஏரிக்கரையில் சிக்னல் இல்லையென்றால் அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு? இணைப்பைத் தராமலே இணைப்பு இருப்பதாக வைத்துச் சட்டம் போடுகிறார்கள். ஒரு சான்றிதழுக்காக எங்கள் காலனிப் பெண்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் போய், சர்வர் டவுன் என்று கேட்டுத் திரும்பி வருகிறார்கள்.

என்ன செய்யலாம் என்பதற்கு உதாரணம் வேறு எங்கும் தேட வேண்டாம், மின்சாரத் துறையிலேயே இருக்கிறது. ஒருகாலத்தில் வருவாய்க் கிராமத்து எல்லைக்குள் எங்காவது ஒரு பம்ப்செட்டுக்கு மின்சாரம் வந்தால் போதும், அது மின்மயமான கிராமம். 2004 பிப்ரவரியில் மத்திய மின் அமைச்சகம் அந்த வரையறையை மாற்றியது. டிரான்ஸ்ஃபார்மரும் மின்பாதையும் ஊரில் மட்டுமல்லாமல், தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் இருக்க வேண்டும். பள்ளி, பஞ்சாயத்து ஆபீஸ் போன்ற பொது இடங்களிலும் இருக்க வேண்டும். குறைந்தது பத்து சதவீத வீடுகளுக்காவது இணைப்பு இருக்க வேண்டும். அப்போதுதான் அது மின்மயமான கிராமம். பத்து சதவீதம் என்பது கேவலமான எண், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலித் குடியிருப்பு என்ற சொல் அரசு விதிக்குள் வந்தது. 1892இல் வந்தது போல, 1924இல் வந்தது போல. பாரத்நெட்டின் இலக்கில் எண்ணப்படுவது ஊராட்சி. அந்தச் சொல் அங்கே இல்லை. கேரளம் வேறு வழியில் போனது. 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று குடும்பத்தை எண்ணியது. சொன்ன வேகத்தில் அது நடக்கவில்லை. ஆனாலும் ஒரு குடும்பம் போய், என் பெயர் எங்கே என்று கேட்க முடியும்.

மாமல்லபுரத்துக்குள்ளேயே பூஞ்சேரி இருக்கிறது. 2021 அக்டோபரில் கோயில் அன்னதானத்தில் தன்னை உட்கார விடாமல் விரட்டினார்கள் என்று அங்குள்ள நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய வீடியோ போனிலிருந்து போனுக்குப் பரவியது. அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்தார். தீபாவளி அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். அறுபது எழுபது வருடம் மனு எழுதியும் அசையாதது ஒரு வீடியோவில் அசைந்தது. அடுத்த வருடம் ஜூலையில் அதே பூஞ்சேரியில் நட்சத்திர ஓட்டலில் செஸ் ஒலிம்பியாட். 180க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள், ஒவ்வொரு காய் நகர்வும் உலகம் முழுக்க நேரலை. அதற்கு வேண்டிய கம்பி பூஞ்சேரிக்கு வந்தது. எந்த வாசல் வரை வந்தது என்பதை அந்த வழியாகப் போகும்போது நீங்களே பாருங்கள்.

இப்போது எங்கள் வேலை. வருடத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. போன மே 1 கூட்டத்தில் நாங்கள் கேட்டபோது, "நம்ம பஞ்சாயத்துக்கு ஃபைபர் வந்தாச்சே, ரெக்கார்டுல இருக்கே" என்று பதில் சொன்னார்கள். அதனால் இந்தமுறை கேள்வியை மாற்றியிருக்கிறோம். ஃபைபர் வந்ததா என்று கேட்கப் போவதில்லை. இந்த ஊராட்சியில் எத்தனை குடியிருப்பு, ஒவ்வொன்றுக்கும் அருகிலுள்ள ஃபைபர் பெட்டி எத்தனை மீட்டர், காலனியிலும் இருளர் குடியிருப்பிலும் வீட்டு இணைப்பு எத்தனை என்று தனித்தனியாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லப் போகிறோம். காலனிக்குப் பெட்டி வரும்வரை இந்த ஊராட்சியை முழு இணைப்பு பெற்றதாகக் கணக்கில் காட்டக் கூடாது என்பது இரண்டாவது தீர்மானம். கையெழுத்து 43 சேர்ந்திருக்கிறது. அளவு டேப்பை வைத்து ஆபீஸ் சுவரிலிருந்து எங்கள் முதல் வீடு வரை நாங்களே அளந்தோம், 612 மீட்டர் வந்தது. மனுவின் மாதிரி வேண்டும் என்கிற தோழர்கள் எழுதுங்கள், அனுப்புகிறேன். உங்கள் காலனிக்கு எத்தனை மீட்டர் என்பதையும் அளந்து எழுதுங்கள்.